குரங்கு பிய்த்த தெர்மாகோல்

ஆடி, வியாழன் இரவு

ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கான லிஃப்ட் மோட்டார் இன்று தென்காசி சைட்டுக்கு வந்துவிட்டது. போரால் கப்பல் தாமதம் என்று எங்கள் கான்ட்ராக்டர் முதலாளி மாதக்கணக்காகச் சொல்லிவந்த அதே மோட்டார்தான். சுற்றியிருந்த தெர்மாகோலை யாரோ பிய்த்திருந்தார்கள். உள்ளே மாங்கொட்டை கிடந்தது.

"ஹார்பர்ல இருந்து நேராவா வாரீய, அண்ணாச்சி?" என்று லாரி டிரைவரிடம் கேட்டேன்.

"ஆமா சார், நேராத்தான்," என்றவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இது குரங்கின் வேலை. குற்றாலத்தில்தான் இந்த அட்டகாசம். அங்கே சீசனிலும் பூட்டிக் கிடக்கிற லாட்ஜ் ஒன்று உண்டு. அது எங்கள் முதலாளியுடையது.

மோட்டாரை அங்கே எதற்காக ஒளித்துவைத்தார்? விலையை ஏற்றவா? கட்டடத்தில் வேறு வேலை முடியாததை மறைக்கவா?

ஆஸ்பத்திரி கட்டுகிற டாக்டரம்மாவிடம் ஒவ்வொரு தடவையும் போய், "கப்பல் இன்னும் வரலைம்மா" என்று சொன்னது நான்.