வாட்ச் இல்லாத ரெண்டு நிமிஷம்

பிப்ரவரி 2003, வியாழன் இரவு

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் விளையாட்டுப் போட்டி. எண்ணூறு மீட்டர் எனக்குத்தான், அதுல சந்தேகமே இல்ல.

சாயங்காலம் மாமல்லபுரம் கடற்கரையில நானும் ஆபீஸ் தோழி நஸ்ரினும் பயிற்சி எடுத்தோம். வேகமா ஒரு ஓட்டம், ரெண்டு நிமிஷம் நடை, மறுபடி ஓட்டம். அந்த ரெண்டு நிமிஷத்துக்கு நான் வாட்ச் பாக்கறதில்ல. கச்சேரியில பாடறவளுக்கு வாட்ச் எதுக்கு? தொடையில ஆதிதாளம் போட்டு எண்ணிக்கிட்டே நடப்பேன்.

மூணாவது ஓட்டத்துக்குக் கிளம்பினப்போ நஸ்ரின் கையைப் பிடிச்சு இழுத்தா. “இன்னாடி அவசரம்? இன்னும் அரை நிமிஷம் கீது.”

வாட்சைப் பிடுங்கிப் பாத்தேன். உண்மைதான். நெஞ்சு அடிச்சிக்கிட்ட வேகத்துக்குத் தாளமும் ஓடியிருக்கு.

போகட்டும். ஓய்வு குறைஞ்சும் ஒவ்வொரு தடவையும் அவளை முந்தினேனே! ஞாயிற்றுக்கிழமை ஜெயிச்சிடுவேன்.

தூக்கந்தான் வரல. மிருதங்கம் வாசிக்கிற குமார் ஒவ்வொரு கச்சேரி முடிஞ்சதும், “கடைசிப் பாட்டுல தாளம் ஓடுது மேடம்”னு சொல்வார். அவர் வாசிப்புதான் இழுக்குதுன்னு போன வாரம் அவருக்குப் பதிலா வேற ஆளைப் பேசிட்டேன்.

காலையில முதல் வேலையா குமாருக்கு போன் போடணும். ஓட்டத்துல என்னைப் பிடிக்க ஆளே இல்ல. பாட்டுல பிடிச்சு நிறுத்த அவர் ஒருத்தர்தான் இருந்தார்.