இடம் பிடித்து வைத்த நாற்காலி

அன்புள்ள நோரீன் அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை ரஸ்ஸல் உன் கையில் கொடுக்கும்போது ஜூனி அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள். முதலில் அவளை உள்ளே கூட்டிப்போய் வயிறு நிறைய ஏதாவது கொடு. மக்ரோனி என்றால் மறுக்க மாட்டாள். பிறகு உட்கார்ந்து இதைப் படி. ரஸ்ஸலைக் கேள்வி கேட்டுத் துளைக்காதே. அரிசோனாவிலிருந்து அயோவா வரைக்கும் ஓட்டி வந்த மனிதர், பாவம்.

"சக்கரம் வச்ச டப்பாவுல புள்ளய வளக்குறியே, உனக்கென்ன மூள கழண்டுபோச்சா? அவள எங்கிட்ட விட்டுட்டு நீங்க ஊர் சுத்துங்க" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய். நானும் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு போனை வைத்திருக்கிறேன். இப்போது நானே அனுப்புகிறேன். சிரித்துக்கொள், உனக்கு அந்த உரிமை உண்டு.

ஆனால் பிக்கப் லாரியின் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் இந்த வண்டிவீட்டு வாழ்க்கையைக் குறை சொல்ல எனக்கு இப்போதும் மனசு வரவில்லை. பகலில் ஜூனி பாடம் எழுதும் மேசைதான் இரவில் அவள் கட்டில். தண்ணீர்த் தொட்டி தீர்ந்துவிடும் என்று மூன்று பேரும் ஆளுக்கு இரண்டு குவளைத் தண்ணீரில் ராணுவக் குளியல் குளிப்போம். ஊர் மாறும்போது டயருக்குக் கீழே வைத்த மரக்கட்டைகளை எடுப்பது ஜூனியின் வேலை. எடுத்து முடித்ததும் "போலாம் ரைட்!" என்று கத்துவாள். ரஸ்ஸல் கழிவுத் தொட்டியைக் காலி செய்துவிட்டு வந்தால் நாங்கள் இரண்டு பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவோம். சந்தோஷமாகத்தான் இருந்தோம் அக்கா.

குளிர் ஆரம்பித்ததும் வண்டிவீட்டுக்காரர்கள் எல்லாரையும் போல நாங்களும் இந்த அரிசோனாப் பாலைவனத்துக்கு வந்தோம். மற்ற முகாம்களைப் போல இங்கே ஆபீஸ் கிடையாது, நம்பர் போட்ட இடம் கிடையாது. பிடித்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். தண்ணீருக்கோ கேஸுக்கோ வண்டியோடு டவுனுக்குப் போகிறவர்கள் தங்கள் இடத்தில் ஒரு மடக்கு நாற்காலியை விரித்து வைத்துவிட்டுப் போவார்கள். ஆள் வருவார் என்று அர்த்தம். அந்த நாற்காலியை ஒருத்தரும் தொட மாட்டார்கள். எங்களுக்குள் எழுதாத சட்டம் அது ஒன்றுதான்.

நாங்கள் பார்த்த இடத்தில் ஒரு நல்ல நிழல் மரம் இருந்தது. அதன் கீழே பச்சைக் கான்வாஸ் நாற்காலி ஒன்று விரித்திருந்தது. சாயங்காலம் வரை காத்திருந்தோம். யாரும் வரவில்லை. ரஸ்ஸல் இறங்கிப்போய்த் தட்டிப் பார்த்துவிட்டு, "வெயில்ல எப்படி வெளுத்துக் கெடக்கு பாரு டார்லா. எவனோ மறந்துட்டுப் போய் வருசக்கணக்காச்சு" என்றார். நானும் சரி என்றேன். நாற்காலியை ஓரமாக நகர்த்திவிட்டு வண்டியை நிறுத்தினோம்.

பக்கத்தில் கார்ல் என்று ஒருவர், லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், கனடாக்காரர். வருஷா வருஷம் குளிருக்கு இங்கே வந்துவிடுவார். காப்பிக் கோப்பையோடு வந்து நின்று, "ஆளில்லாத நாற்காலிய நகத்துறதும் அடுத்தவன் தட்டுல கை வைக்கிறதும் ஒண்ணுதாம்ப்பா" என்றார். ரஸ்ஸல், "ஆள் வந்தா நானே எந்திரிச்சு எடம் குடுக்குறேன் பெரியவரே. கூட ஒரு பீரும் குடுக்குறேன்" என்று சிரித்தார்.

கிளம்புகிற அன்று காற்று பலமாக அடித்தது. அவசரத்தில் வெளியே கிடந்த நாற்காலிகளை எல்லாம் மடக்கி உள்ளே திணித்தோம். அடுத்த ஊரில் எடுத்து விரித்தபோதுதான் பார்த்தோம், அந்தப் பச்சை நாற்காலியும் எங்களோடு வந்திருந்தது. "விருந்தாளி வந்தா ஆச்சு" என்று ரஸ்ஸல் அதையும் வரிசையில் போட்டார். அதற்குப் பிறகு எங்கே தங்கினாலும் அதற்கும் ஒரு இடம் போட்டோம்.

முதலில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வெயில் நகர நகர அந்த நாற்காலியும் நிழலோடு நகர்ந்திருக்கும். ரஸ்ஸல்தான் நகர்த்துகிறார் என்று நான் நினைத்தேன், நான்தான் என்று அவர் நினைத்திருக்கிறார். நியூ மெக்சிகோவில் ஒரு நாள் மத்தியானம் கொட்டித் தீர்த்த மழை விட்டதும் வெளியே வந்தேன். எங்கள் மூன்று நாற்காலிகளிலும் தண்ணீர் தேங்கி நின்றது. பச்சை நாற்காலியின் இருக்கையில் சொட்டு ஈரமில்லை. கையை வைத்துப் பார்த்தேன். இளஞ்சூடாக இருந்தது.

ஜூனியைக் கேட்டேன். அவள் படம் வரைந்துகொண்டே, "அந்த மாமா உக்காந்திருந்தாரும்மா" என்றாள். எந்த மாமா, ஏன் நம் பின்னாலேயே வருகிறார் என்று கேட்டதற்கு, "அவரா எங்க வர்றாரு? நாமதான அவருக்கு எடம் போட்டுக் குடுக்குறோம்" என்றாள். பிறகு இன்னொன்றும் சொன்னாள். "நாம அவரோட எடத்துல வண்டிய நிறுத்திட்டோம்ல, அதுக்குப் பதிலா எனக்கு அங்க ஒரு எடம் புடிச்சு வக்கிறாராம்."

ரஸ்ஸல் அன்றைக்கே அந்த நாற்காலியைக் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டார். மறுநாள் காலையில் ஜூனியைக் காணவில்லை. தேடிப்போனால், ஆளில்லாத ஒரு இடத்தின் நடுவில் வெறும் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். முதுகு நேராக, கைகள் இரண்டும் கைப்பிடி மேல் வைத்ததுபோல அந்தரத்தில். "அவருக்கு நாற்காலி இல்ல. அதான் நான் எடம் புடிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றாள். ரஸ்ஸல் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. ஆறு வயசுப் பிள்ளை அக்கா. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தும் அவள் அசையவில்லை. ரஸ்ஸல் ஓடிப்போய் நாற்காலியை எடுத்துவந்து விரித்த பிறகுதான் எழுந்தாள். அன்றிலிருந்து அவளுக்குப் பசியும் இல்லை. ஜன்னல் வழியாக அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டால் தீர்ந்துவிடும் என்று திரும்பி வந்தோம். மரத்தடி காலியாக இருக்கும் என்று நினைத்தேன். அங்கே ஒரு சின்ன நாற்காலி விரித்திருந்தது. குழந்தைகள் உட்காருவது, மஞ்சள் நிறம், புத்தம் புதுசு. "அதான் சொன்னேன்ல" என்று ஜூனி கதவைத் திறக்கப் போனாள். அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கார்ல் வந்தார். இந்தத் தடவை அவர் கேலி பேசவில்லை. "நேத்து வரைக்கும் இது இங்க இல்லம்மா. யாரும் வந்ததயும் நான் பாக்கல" என்றார்.

பச்சை நாற்காலியை அதன் இடத்தில் வைத்துவிட்டுக் கிளம்பினோம். தார் ரோட்டைத் தொடுவதற்குள் ஜூனியின் உடம்பு துவண்டுவிட்டது. "என் எடம் காலியா இருக்கு, என் எடம் காலியா இருக்கு" என்று மட்டும் முனகினாள். அந்தக் குரலை நான் இதற்கு முன் கேட்டதில்லை. வண்டியைத் திருப்பினோம். மஞ்சள் நாற்காலியைக் கொளுத்துகிறேன் என்று ரஸ்ஸல் மண்ணெண்ணெயோடு இறங்கினார். நான்தான் தடுத்தேன். நாற்காலி இல்லாவிட்டால் அவள் தரையில் உட்காருவாளே.

காலியாக இருக்கிற நாற்காலிதான் ஆளுக்காகக் காத்திருக்கும். ஆள் வந்து உட்கார்ந்துவிட்டால் காத்திருப்பு முடிந்தது. இங்கே சட்டம் அதுதான். அதனால் நான் போய் அதில் உட்கார்ந்தேன். என் பருமனை அது எப்படித் தாங்கியது என்று தெரியவில்லை, அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. பிக்கப் ஜன்னலிலிருந்து ஜூனி எட்டிப் பார்த்து, "அம்மா, பசிக்குது" என்றாள்.

நான் எழுந்தால் அது மறுபடி காலியாகிவிடும். ரஸ்ஸல் தானே உட்காருவதாகச் சொல்லி அழுதார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. "ஓட்டத் தெரிஞ்சவன் ஓட்டணும் ரஸ், பனியில நான் பிக்கப்ப ஓட்டுனா பாதி வழியிலயே எல்லாரும் போய்ச் சேந்துருவோம்" என்றேன். வண்டிவீட்டைக் கழற்றி எனக்கு விட்டுவிட்டு, பிக்கப்பில் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பப் போகிறார்.

இதை அந்த மஞ்சள் நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பச்சை நாற்காலி என் பக்கத்தில் இருக்கிறது. அதில் இருக்கிறவர் பேசுவதில்லை. நான் எழுதும்போது அந்தப் பக்கம் கான்வாஸ் லேசாக நெரிபடும் சத்தம் கேட்கிறது, அவ்வளவுதான். நீ பயப்படும்படி ஒன்றும் இல்லை. எனக்கும் இப்போது பசி இல்லை.

அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடு. தலை சீவும்போது சிக்கெடுக்க அவசரப்படாதே, அழுவாள். அம்மா எங்கே என்று கேட்டால் உனக்கு வாய்க்கு வந்ததைச் சொல். என் படத்தை மாட்டி வை, சாப்பாட்டு மேசையில் என் பெயரைச் சொல்லி ஒரு தட்டு வைத்தாலும் வைக்கட்டும். ஆனால் என்றைக்காவது ஏக்கம் தாங்காமல், அம்மா வருவாள் என்று உன் வீட்டுப் புல்வெளியில் அவள் ஒரு நாற்காலியை விரித்தால் மட்டும் விடாதே அக்கா. எவ்வளவு அழுதாலும் மடக்கி உள்ளே கொண்டுபோய்விடு. ரஸ்ஸலிடமும் சொல்லிவை, அவர்தான் முதலில் போடுவார்.

போட்டால் நான் வந்துவிடுவேன். தனியாக வர மாட்டேன்.

உங்கள் எல்லாரையும் ஆண்டவன் வீட்டுக்குள்ளேயே வைத்துக் காப்பாற்றட்டும்.

உன் தங்கை,
டார்லா