ஊருக்கு ஒரு நோய்

அக்கா,

இன்று காலை அம்மா ஒரு சின்னப் பாட்டிலைத் திறந்தாள். வீடு முழுக்கக் கார்போக அரிசி எண்ணெய் வாசனை. என் மகளின் முழங்கையில் வெள்ளையாக ஒரு புள்ளி வந்திருக்கிறது, அதில் தடவத்தான். பாட்டிலைப் பிடுங்கி வைத்துவிட்டேன். அப்படி ஒரு கோபம்.

உன் கழுத்தில் புள்ளி வந்தபோதும் இதே எண்ணெய்தான். அதற்கு முன்பே உனக்குச் சர்க்கரையும் தைராய்டும் இருந்தன. சர்க்கரைக்குப் பொள்ளாச்சி, தைராய்டுக்குப் பாலக்காடு, தோலுக்குக் கோயம்புத்தூர் என்று அம்மா உன்னை அலைக்கழித்தாள். ஒரு டாக்டரிடம் போனது இன்னொருவருக்குத் தெரியாது. நம் ஊர் முதலமடையில் யாருக்கும் எதுவுமே தெரியாது. "எல்லாத்தையும் ஒரே எடத்துல சொன்னா சீக்காளிப் புள்ளைன்னு பேராயிரும் கண்ணு. அப்புறம் எவன் பொண்ணு கேட்டு வருவான்?" என்பாள். "என்ற ஒடம்புல ஒவ்வொண்ணையும் ஒவ்வொரு ஊர்ல கட்டிக் குடுத்தாச்சு, நாந்தான் பாக்கி" என்பாய் நீ. நானும் சேர்ந்து சிரித்தேனே, அதை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

கடைசியில் மாந்தோப்பில் மயங்கி விழுந்தாய். "வேற ஏதாச்சும் நோய் இருக்கா?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். உன்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன வீட்டு அம்மாள் செய்தி கேட்டு வந்து பக்கத்திலேயே நின்றார். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றாள் அம்மா. நீயும் தலையாட்டினாய். வெயில் மயக்கம் என்று டிரிப் ஏற்றி அனுப்பினார்கள். பத்து நாளில் போய்விட்டாய்.

உன் மருந்துச் சீட்டுகளையெல்லாம் ஒரே மேசையில் வைத்தது அதன் பிறகுதான். பார்த்த டாக்டர், இத்தனையும் ஒரே மரபணுக் கோளாறாக இருக்கலாம் என்றார். நோயை எதிர்க்க வேண்டிய சக்தி சொந்த உடம்பையே ஒவ்வொரு உறுப்பாகத் தாக்குமாம். முன்பே தெரிந்திருந்தால் மருந்து கொடுத்துக் காப்பாற்றியிருக்கலாம் என்றும் சொன்னார். என் ரத்தத்தைச் சோதித்ததில் அந்தக் கோளாறு எனக்கும் இருக்கிறது. இதுவரை என்னை ஒன்றும் செய்யவில்லை.

மத்தியானம் மகளைக் குழந்தை டாக்டரிடம் கூட்டிப்போனேன். அம்மாவும் வந்தாள். "குடும்பத்துல யாருக்காவது இப்படி இருந்துச்சா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

"என்ற மூத்த புள்ளைக்கு இருந்துச்சுங்க. சர்க்கரை, தைராய்டு, கழுத்துல வெள்ளை. நாந்தானுங்க மறைச்சுப்போட்டேன்."

கதவு திறந்துதான் கிடந்தது. வெளியே நம் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தவே இல்லை.

எனக்கு மனம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. இதே குரலில் அன்றைக்குச் சொல்லியிருந்தால் நீ இருந்திருப்பாய். அம்மாவை மன்னிக்க முடியவில்லை, அக்கா. தலையாட்டிய உன்னையும்தான். உனக்கு இருந்ததை நானும் உடம்பில் சுமக்கிறேன். என் மகளுக்கும் அதைக் கொடுத்துவிட்டேனா என்பது, இன்று எடுத்த ரத்தத்தின் முடிவு வந்ததும், மூன்று வாரத்தில் தெரியும்.