பரீட்சைக்கு வராத வினைச்சொல்

பிரெஞ்ச் மிஸ்ஸுக்கு,

இன்று காலை பள்ளிக்கூட கேட்டில் உன்னைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். உன்னை என்றால் உன் பிளெக்ஸை. வேனை விட்டு இறங்குவதற்குள்ளேயே அந்த வாடை மூக்கில் ஏறிவிட்டது. புது பிளெக்ஸின் வாடை உனக்குத்தான் தெரியுமே, மண்ணெண்ணெயும் பெயிண்டும் கலந்த மாதிரி தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு ரிசல்ட்டுக்கும் நாம் இரண்டு பேரும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அந்த கேட்டைத் தாண்டுவோம்.

உன் ஐடி கார்டு படத்திலிருந்து தலையை மட்டும் வெட்டி, யாரோ ஒருத்தியின் பட்டுப்புடவை உடம்பில் ஒட்டியிருக்கிறார்கள். கழுத்தில் ஓர் ஆரம். நீ ஆயுசுக்கும் போட்டிராத ஆரம். பின்னால் ஈஃபில் கோபுரம். மேலே கண்ணீர் அஞ்சலி. பக்கத்தில் நம் தாளாளர் கைகூப்பி நிற்கிறார், உன்னைவிட இரண்டு மடங்கு பெரிதாக. அடியில் மஞ்சள் எழுத்து: ‘பிரெஞ்சில் நூற்றுக்கு நூறு பெற்றுத் தந்தவர். பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை நடைபெறுகிறது.’

“சீ” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

கயிறு கட்டிக்கொண்டிருந்த வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார். “இன்னா மிஸ், நல்லா இல்லீங்களா? சாரே கடையில நின்னுகினு டிசைன் பண்ணாருங்க” என்றார். அவரைச் சொல்லி என்ன? நான் நேராக பாத்ரூமுக்குப் போய், குடித்துவிட்டு வந்த காபியை வாந்தி எடுத்தேன்.

நீ செத்ததற்குக்கூட எனக்கு இப்படிக் குமட்டவில்லை. அப்போது அழுகைதான் வந்தது. லீவில் காய்ச்சல் என்று படுத்தாய், நைனார்பாளையத்தில் உன் வீட்டுக்கு நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தாளாளர் மாலையோடு வந்தார், கூடவே போட்டோ எடுக்க ஓர் ஆளும் வந்தான். மாலையை ஒருமுறை போட்டார். படம் சரியாக விழவில்லை என்று எடுத்துவிட்டு மறுபடியும் போட்டார். உன் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்த ஆளின் கேமராவைப் பிடுங்கித் தெருவில் எறிய வேண்டும்போல் இருந்தது.

உன்னை முதலில் பார்த்தபோது எனக்கு உன்னையும் பிடிக்கவில்லை, அதை நீயும் அறிவாய். கல்யாணமாகிப் பாண்டிச்சேரியிலிருந்து வந்தவள், பிரெஞ்சு எம்.ஏ. நான் தமிழ். பதினொன்றாம் வகுப்பில் பிள்ளைகள் மொழிப்பாடம் எடுக்கும் நாளில், மரவள்ளி போடுகிறவர், கரும்பு போடுகிறவர், கூலிக்குப் போகிறவர் என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் என் வரிசையைவிட்டு உன் வரிசைக்கு நகர்ந்தார்கள். தமிழில் மார்க் போட மாட்டார்களாம். பிரெஞ்சில் அள்ளிப் போடுவார்களாம். என் வகுப்பில் மிச்சமிருந்தவர்கள் தப்பித்துப் போகத் தெரியாதவர்கள்.

அன்று ஸ்டாஃப் ரூமில் நீயாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். “இன்னா தமிழ் மிஸ், மூஞ்சத் தூக்கி வெச்சிகினு இருக்க? நீ உன் பசங்க போச்சேன்னு வயிறு எரியற. நான் என் வகுப்புக்குப் போய் வந்தாலே வாந்தி வருது. யாருக்குக் கஷ்டம் ஜாஸ்தி, சொல்லு?”

அன்றிலிருந்து நமக்குள் ஒத்துப்போய்விட்டது. ஒரே அசிங்கத்தை இரண்டு பக்கமிருந்து பார்த்தவர்கள் நாம்.

என்ன அசிங்கம் என்று ஒருநாள் உன் வகுப்பு ஜன்னலோரம் நின்று பார்த்தேன். கைடில் பிரெஞ்சு வரிக்கு மேல் பென்சிலால் தமிழ் எழுத்து. எல்லோரும் அதைப் பார்த்து ராகம் போட்டு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். ‘என் குடும்பம்’ என்று பத்து வரி. வகுப்பு மொத்தத்துக்கும் அப்பா வக்கீல், அம்மா டாக்டர், வீட்டில் ஒரு வெள்ளைப் பூனை. நீ சங்கராபுரத்துப் பெண் ஒருத்தியை எழுப்பினாய்.

“உங்கப்பா இன்னாம்மா செய்யறாரு?”

“கரும்பு லோடு ஏத்தறாரு மிஸ்.”

“அப்ப அதை எழுதேன். நான் வார்த்தை சொல்லித் தரேன்.”

அந்தப் பெண் பயந்துபோய், “வாணாம் மிஸ், கைடுல வக்கீல்னுதான் இருக்குது, மார்க் பூடும்” என்றாள். உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். தட்டில் ஈ விழுந்ததைப் பார்த்தவள் மாதிரி ஆகிவிட்டாய்.

அதற்குப் பிறகுதான் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் நீ அந்த வேலையைத் தொடங்கினாய். ஒரு வினைச்சொல்லை எடுத்து, நான், நீ, அவன், நாம், நீங்கள், அவர்கள் என்று ஆறு விதமாகத் திருப்பிச் சொல்ல வைப்பது. அதுவும் சாதாரணக் காலம் இல்லை. முன்பு ஒரு காலத்தில் ஒருவர் மனசில் இருந்த ஆசை, பயம், சந்தேகம், இதையெல்லாம் சொல்லும்போது மட்டும் வருகிற ஒரு விசித்திரமான வடிவம். கேள்வித்தாளில் வராது. கைடில் கிடையாது. பிரெஞ்சுக்காரர்களே இப்போது பேசுவதில்லை, பழைய புத்தகங்களில்தான் இருக்கிறது என்று நீயே சொன்னாய்.

“அப்புறம் எதுக்குடி இது?” என்று கேட்டேன்.

“அதுக்குத்தான். இதுக்கு எவனும் மார்க் போட முடியாது. அந்த மொழியில இவனுங்க எச்சில் படாத எடம் இது ஒண்ணுதான்” என்றாய்.

தாளாளர் காதுக்குப் போகாமல் இருக்குமா? உன்னைக் கூப்பிட்டபோது பரீட்சை பேப்பர் கட்டைக் கொடுக்கப் போன நானும் அந்த அறைக்குள் நின்றேன். “மிஸ், பரீட்சைக்கு வராததை எதுக்கு நடத்தறீங்க? அது திருட்டுங்க. பசங்க நேரத்தைத் திருடறீங்க” என்றார். வாயில் பாக்கை மென்றுகொண்டே சொன்னார். நீ, “வக்கீல் அப்பாவைக் குடுத்தது யாரு சார், நானா?” என்று கேட்டாய். அவருக்குப் புரியவில்லை. ஆனால் நீ மதிக்கவில்லை என்பது மட்டும் புரிந்தது.

அதற்குத் தண்டனைதான் கோடை வெயிலில் பிள்ளை பிடிக்கிற வேலை. வீடுவீடாகப் போய் நம் பள்ளியில் சேருங்கள் என்று கெஞ்ச வேண்டும். எல்லோரையும் கள்ளக்குறிச்சித் தெருக்களுக்கு அனுப்பிவிட்டு, உன்னை மட்டும் கல்வராயன் மலைக்கு அனுப்பினார்கள். ஹாஸ்டலுக்கு ஆள் வேண்டுமாம். தனியாக விட மனமில்லாமல் நானும் வந்தேன். கையில் நோட்டீஸ் கட்டு. அதிலும் ஈஃபில் கோபுரம். பஸ்ஸில் அந்த மை விரலெல்லாம் ஒட்டி, வளைவுக்கு வளைவு எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

கரியாலூரில் ஒரு வீட்டு வாசலில் சாமை காயவைத்துக்கொண்டிருந்த அந்த அம்மாவை நினைவிருக்கிறதா? பெண் பத்தாவது எழுதியிருந்தாள். நோட்டீஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பிரெஞ்சு படிச்சா இன்னா வரும் டீச்சர்?” என்று கேட்டார்.

“மார்க் வருங்க. வேற ஒண்ணும் வராதுங்க” என்றாய் நீ. நான் உன் காலை மிதித்தேன்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. “ரெண்டு வருசம் படிச்சி வாயைத் தொறந்து பேசக்கூட வராதா? நீங்க சொல்லிக் குடுத்தாகூடமா?” என்றார்.

நீ திரும்பி வாசல்படியில் நின்றிருந்த பெண்ணைப் பார்த்தாய். பிறகு, “அனுப்புங்க. நான் சொல்லிக் குடுத்தா பேச வருங்க” என்றாய். அந்த மலையில் நாம் கொடுத்த நோட்டீஸில் ஒரு வரிகூட உண்மை இல்லை. நீ வாயால் சொன்ன அது ஒன்றுதான் உண்மையாக இருக்கும் என்று நம்பி, அந்த அம்மா தலையாட்டினார்.

திரும்பும் வழியில் அருவிக்குப் போனோம். பாறையெல்லாம் பிளாஸ்டிக் தட்டும் ஷாம்பூ பாக்கெட்டும். ஒருவன் பாட்டிலை உடைத்துவிட்டு இளித்துக்கொண்டு போனான். கால் வைக்கக் கூசியது. நீ செருப்போடு தண்ணீரில் இறங்கி நின்று, அருவிச் சத்தத்துக்கு மேல் கத்தினாய்: “ழ பார்லாஸ், த்யு பார்லாஸ், இல் பார்லா, நூ பார்லாஸியோன், வூ பார்லாஸியே, இல் பார்லாஸ்!” பேசு என்கிற வினைச்சொல், உன் வெள்ளிக்கிழமை வடிவத்தில். என்னையும் விடவில்லை. பஸ் வரும்வரை, பஸ்ஸில் வரும்போதும், மனப்பாடம் ஆகும்வரை சொல்ல வைத்தாய். உன் மொழியைத் திட்டிக்கொண்டே சொன்னேன்.

அந்த மாதமே நீ போய்விட்டாய்.

இன்று வாய் கொப்பளித்துவிட்டு வந்ததும் தாளாளர் கூப்பிட்டனுப்பினார். பிளெக்ஸுக்கு நாலு வரி கவிதை கேட்டு நான் எழுதித் தராத கோபம் எதுவும் அவர் முகத்தில் இல்லை. சேர்க்கை நன்றாக நடக்கிறது போலிருக்கிறது. “பிரெஞ்சை இனிமே நீங்களே பாத்துக்கங்க மிஸ்” என்றார்.

“சார், நான் தமிழ். எனக்கு பிரெஞ்சு தெரியாது.”

“அதான் கைடு இருக்குதில்ல? பசங்க படிச்சிக்குவாங்க. நீங்க சும்மா நின்னுகினு ஒப்பிக்கச் சொல்லுங்க, போதும். வேலை கம்மிதான்.”

அந்தப் பாக்கு வாயைப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நீ இத்தனை வருஷம் தொண்டை வறளக் கத்தியது, தெரியாத ஒருத்தி சும்மா நின்றாலே நடந்துவிடுகிற காரியம் என்று முடிவு செய்துவிட்டார். இந்த வேலையை மூஞ்சியில் விட்டெறிந்துவிட்டுப் போயிருப்பேன். கைடை வாங்கிக்கொண்டு, மற்றவர்களிடம் சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் வராந்தாவில் நடந்தேன். உன் வகுப்பு வாசலில் அந்தக் கரியாலூர்ப் பெண் புது யூனிஃபார்மில் நின்றுகொண்டிருந்தாள்.

“மிஸ், பிளெக்ஸ்ல இருக்கறது அந்த மிஸ்ஸா? புடவை வேற மாதிரி இருக்குது, அடையாளமே தெரியல” என்றாள். நான் தலையாட்டினேன். “பேச வரும்னு எங்கம்மாகிட்ட சொன்னாங்களே மிஸ்” என்றாள்.

அவள் பின்னால் உள்ளே போனேன். பிள்ளைகள் கைடைப் பிரித்து வைத்து, பென்சிலைக் கூர் சீவிக்கொண்டு காத்திருந்தார்கள். ‘என் குடும்பம்’, முதல் பாடம். அப்பா வக்கீல். கைடை மூடச் சொல்லிவிட்டு, சாக்பீஸை எடுத்து, அருவியில் நீ கத்திய ஆறு வரியையும் தமிழ் எழுத்திலேயே எழுதினேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான். உச்சரிப்பு கேவலமாக இருந்திருக்கும், நீ கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாய்.

“மிஸ், இது பரீட்சைக்கு வருமா?” என்று முதல் பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்டது.

“வராது.”

பாதிப் பேர் பென்சிலைக் கீழே வைத்தார்கள். அந்தப் பெண் வைக்கவில்லை. கேட் பக்கமிருந்து ஜன்னல் வழியாக உன் பிளெக்ஸின் வாடை வந்துகொண்டே இருந்தது. போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, அவளை எழுப்பி, வாயைத் திறந்து சத்தமாகச் சொல்லு என்றேன்.