காப்புக் கட்டிய ஊரில் தீபா

காரைக்குடி
3.5.2025

அத்தானுக்கு,

துர்காதேவி எழுதுவது. போனில் பேசினால் பத்து நிமிடத்தில் சண்டை வந்துவிடுகிறது, பக்கத்திலேயே தீபா நிற்கிறாள். அதனால்தான் பால் வண்டி ஏகப்பனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நாம் பிரிந்த இந்த இரண்டு வருடத்தில் பிள்ளையை உங்களிடம் தனியாக விடுவது இதுதான் முதல் தடவை.

பள்ளிக்கூடம் இருந்தால் மணி அடித்து அவளை நகர்த்திவிடும். லீவு விட்டால் நாள் எங்கே தொடங்கி எங்கே போகிறது என்றே அவளுக்குத் தெரியாது. டாக்டர் ஏ.டி.எச்.டி. என்று சொன்னது சேட்டைக்கு வைத்த பெயர் இல்லை. எட்டு மணிக்குச் சாப்பிட்டதும் மாத்திரை. இன்றைக்கு என்னென்ன என்று காலையிலேயே தாளில் எழுதி ஒட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். கூட்டத்தில் கையை விடாதீர்கள்.

பதினான்காம் தேதி வந்து அழைத்துக்கொள்கிறேன்.

துர்காதேவி

கல்லல்
13.5.2025

துர்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். தீபா இரண்டு வாய் சோறு கூடவே தின்கிறாள். மாத்திரை தவறாமல் கொடுக்கிறேன். நீ எழுதியதைப் படித்துவிட்டு, "இவ பிள்ள வளக்குறாளா, ரயிலு ஓட்டுறாளா?" என்று அக்கா சிரித்தாள். மாடி வீட்டில் அடைத்து வைத்தால் எந்தப் பிள்ளைக்குத்தான் கால் பரபரக்காது?

நாளைக்கு நீ வர வேண்டாம். இன்று அம்மனுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. காப்புக் கட்டும்போது ஊரில் இருந்தவர்கள் திருவிழா முடியும்வரை வெளியூரில் ராத்தங்கக் கூடாது என்பது உனக்குத் தெரியாததில்லை. இருபத்தொன்றாம் தேதி நானே கொண்டுவந்து விடுகிறேன். இந்த வருடம் பால்குடம் எடுக்கிறேன், அவளுக்காகத்தான்.

முத்தரசு

காரைக்குடி
14.5.2025

அத்தானுக்கு,

காப்புக் கட்டும் நாள் உங்களுக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் பதினான்கு என்றதற்குத் தலையாட்டினீர்கள். சாமியை நடுவில் நிறுத்தினால் நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று நினைத்துவிட்டீர்கள். நான் வந்து பிள்ளையை இழுத்துக்கொண்டு போனால் ஊரே திரண்டு பேசும். அவள் முன்னால் அது வேண்டாம் என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன்.

எட்டு நாளும் கொட்டும் வேட்டுமாக இருக்கும். அந்தச் சத்தத்தில் நீங்கள் சொல்வது எதுவும் அவள் காதில் ஏறாது. மாத்திரை பத்தொன்பதாம் தேதி வரைதான் வரும், அன்றைக்குத்தான் டாக்டரும் வரச் சொல்லியிருக்கிறார். அவளுக்கு ஏதாவது ஆனால், இனி எந்த லீவுக்கும் அவளை அங்கே அனுப்ப மாட்டேன். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள்.

துர்காதேவி

கல்லல்
17.5.2025

துர்கா,

முதலில் இதைப் படி. தீபாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நேற்றுச் சாயங்காலம் கரகம் வரும்போது என் கையை உதறிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவிட்டாள். தேவகோட்டை பஸ் வந்துகொண்டிருந்தது. டிரைவர் போட்ட பிரேக்கில் பஸ் குறுக்கே திரும்பி நின்றது. நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

அத்தனை பேர் முன்னால் அவளைக் கன்னத்தில் அறைந்தேன். "அங்கயே நில்லுன்னு சொன்னேன்ல" என்று கத்தினேன். அவள் அழவில்லை. "நிக்கணும்னுதான்ப்பா இருந்தேன். காலு கேக்கல" என்றாள். ஒன்பது வருடமாக நான் அவளைப் பிடிவாதக்காரி என்றே நினைத்திருந்தேன், துர்கா.

காப்பு நாளைத் தெரிந்தேதான் மறைத்தேன். இன்னும் ஒரு வாரம் அவள் என்னோடு இருக்கட்டும் என்ற ஆசை.

நாளைக் காலை அவளைக் கொண்டுவந்து விடுகிறேன். கோயில் காரியம் பார்க்கும் முத்தப்பன் பெரியப்பா, "பிள்ளய வெளியூருல ராத்தங்க விட்டுட்டு வந்து, குடத்தத் தொடாத" என்று சொல்லிவிட்டார். சரி என்றேன். நீ இனி அவளை அனுப்பாவிட்டாலும் நியாயம்தான்.

முத்தரசு

காரைக்குடி
18.5.2025

அத்தானுக்கு,

வாசலிலேயே விட்டுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டீர்கள். தீபா மத்தியானம் முழுக்கத் தூங்கினாள். அவள் கன்னத்தைப் பார்த்தேன். உங்களைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன்.

நானும் அடித்திருக்கிறேன். போன அரையாண்டு லீவில், குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோனாள், வீடெல்லாம் தண்ணீர். கரண்டிக் காம்பால் அடித்தேன். யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்குத் தெரிந்தால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வீர்கள் என்று பயம். அன்றைக்கும் அவள் என்னவோ சொல்ல வந்தாள், நான் கேட்கவில்லை.

சாயங்காலப் பால் வண்டியிலேயே ஏகப்பனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நாளைப் பத்து மணிக்கு டாக்டரிடம் போகிறோம். கால் கேட்கவில்லை என்று அவள் உங்களிடம்தான் சொல்லியிருக்கிறாள். நீங்களே வந்து டாக்டரிடம் சொல்லுங்கள். முதல் பஸ்ஸில் வந்தால் மூன்று பேரும் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

துர்கா