மூணு பொத்தலும் ஒரு கேள்வியும்

போத்தனூர்,
செவ்வாய்க்கிழமை

அம்மாவுக்கு கிருபா எழுதறனுங்க. உங்க முட்டி வலி தேவலைங்களா? அப்பா நல்லா சாப்பிடறாருங்களா? போன்ல பேசுனா என் குரலே காட்டிக் குடுத்துப்போடும், அதான் எழுதறேன். பயப்படாதீங்க, எல்லாம் முடிஞ்சு ரூமுக்கு வந்துட்டேன்.

போன வாரம் கம்பெனியில மோட்டாருக்குக் காயில் சுத்தறப்ப வயித்து வலி தாங்கலைங்க. ரூம்ல கூட இருக்கற ரூபினாதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. முந்தி அப்பெண்டிக்ஸுக்குக் கிழிச்ச எடத்துல உள்ளார குடல் ஒட்டிக்கிச்சாம். ஆபரேஷனால வந்ததுக்கு இன்னொரு ஆபரேஷனா? எனக்கு ஒண்ணும் புரியலைங்க. அப்ப ஒரு சாண் கிழிச்சாங்க, இப்ப மூணே பொத்தல். வயித்துல காத்தடிச்சு உப்ப வெச்சு, கேமரா உட்டுச் செஞ்சாங்களாம். செஞ்சது வயித்துல, வலிச்சது தோள்பட்டைங்க, அந்தக் காத்துனாலயாம்!

அப்புறம் தினமும் காலைல டாக்டர் வந்து, வார்டுக்கே கேக்கற மாதிரி, "காத்துப் பிரிஞ்சுதாம்மா?"ன்னாருங்க. அவங்க அடிச்ச காத்தைக் கேக்கறாரா, என்னோடதையான்னே தெரியலை. சின்ன வயசு ஆம்பளைங்க அவரு. பிரிஞ்சும் "இல்லைங்க"ன்னுட்டேன். குடல் இன்னும் வேலை செய்யலைன்னு மூணு நாள் சோத்தையே கண்ணுல காட்டலை, வெறும் டிரிப்ஸ்தான். மறுபடி உள்ளார பாக்கணுமோன்னு பேசிக்கிட்டாங்க. அப்பவும் சொல்ல வாய் வரலைங்க. கடைசியில நர்சம்மா பக்கத்துல நிக்கறப்ப அதுவே சத்தமாச் சொல்லிப்போடுச்சு. அரை மணி நேரத்துல கஞ்சி வந்துச்சு.

நீங்க இருந்திருந்தா உங்க காதுல சொல்லியிருப்பேன்.

நீங்க வர வேண்டாங்க. தையல் பிரிக்கறப்ப பழைய ஆஸ்பத்திரி ஃபைல் வேணுமாம், பீரோவுல இருக்கும். சுடிதார் நாடா பொத்தல்ல உரசுது, உங்க பழைய நைட்டி ஒண்ணும் வேணும். ரெண்டையும் கோபியில இருந்து வர்ற பஸ்ல குடுத்து உடுங்க.

ரூபினா ஷிப்டுக்குக் கிளம்பிட்டா, இதை அவகிட்டயே தபால்ல போடக் குடுக்கறேன்.

பஸ்ல தொலைச்சுப்போடுவாங்கம்மா. கையிலயே கொண்டாந்துருங்க.

கிருபா