நான் பிரித்த பன்னிரண்டு கட்டங்கள்

இன்று காலை உன் மகள் ரெஜினா வந்து, போர்வையை என் தையல் மிஷின் மேல் போட்டாள். பிள்ளையின் கொலுசு மாட்டி ஒரு கட்டத்தில் தையல் விட்டுவிட்டதாம். பவுடரும் மூத்திரமும் கலந்து ஒரு வாடை. மூன்று வருஷமாக அந்தப் பயபிள்ளை அதைப் போர்த்தாமல் தூங்குவதில்லையாம்.

"சித்தி, அம்மா போட்ட தையல் மேல மிஷின ஓட்டிராதீங்க. அத அப்படியே விட்டுட்டு, பக்கத்துல ஒரு தையல் போட்டுத் தாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சரி என்று தலையை ஆட்டிவிட்டேன். அவள் போனதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. யாரிடம் போய்ச் சொல்ல? உன்னிடம்தான் சொல்ல வேண்டும். கேட்டாலும் கேட்காவிட்டாலும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இருபது வருஷம் ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்து மிஷின். உப்புக்காற்றில் துருப்பிடித்த ஊசியை மாற்றி மாற்றியே நம் பாதி ஆயுசு போயிற்று. நீ புன்னைக்காயல்காரி, வாய் நீளம். நான் அதைவிட நீளம். வாடிக்கைக்காரர்கள் முன்னாலேயே சண்டை போடுவோம். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் வாய் கிடையாது. ஒருத்தி தப்பாகத் தைத்தால், மற்றவள் பிரித்துச் சரியாகத் தைத்து வைத்துவிடுவாள். சொல்லிக்காட்டுவதில்லை. ஒரு திருவிழா நேரத்தில் நான் ஜாக்கெட்டுக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். மறுநாள் பார்த்தால் கை சரியாக இருக்கிறது, நீ ஒன்றும் தெரியாதவள் போலப் பட்டன் கட்டிக்கொண்டிருக்கிறாய். நானும் கேட்கவில்லை. அதுதான் நம் பழக்கம்.

உனக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபோது ரெஜினா மூன்று மாதக் கர்ப்பம். தலைப்பிரசவத்துக்கு உன் வீட்டுக்குத்தான் வரவேண்டும். திருநெல்வேலிக்கு ஒவ்வொரு முறை மருந்து ஏற்றப் போய்வந்த பிறகும் நீ கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே வந்தாய். அப்படியும் ஒருநாள், வெட்டுத்துணி மூட்டையைக் கடை நடுவில் கொட்டினாய்.

"ஏளா, பிள்ளைக்கு ஒரு போர்வ தைக்கப் போறேன். போன்ல ஒருத்தி தைக்கா பாரு, சூப்பரா இருக்கு."

பழைய லைனிங் துணியைச் சதுரமாக வெட்டி, அதன் மேல் மூலைக்கு மூலை ஒரு நாடாத்துணி. அதன் மேல் இன்னொன்றைக் கவிழ்த்துத் தைத்துத் திருப்பிவிட வேண்டும். அப்படியே சதுரம் நிறையும்வரை. பிறகு ஓரத்தை வெட்டினால் ஒரு கட்டம். எல்லாக் கட்டத்துக்கும் நடுவில் ரெஜினாவின் கல்யாண ஜாக்கெட்டில் மிஞ்சிய அரக்குப் பட்டுத் துண்டைத்தான் வைத்தாய். "மத்ததெல்லாம் ஊரார் துணி, நடுவுல எம்பிள்ள துணி" என்றாய்.

பன்னிரண்டு கட்டம் தைத்தாய். மருந்து உன் விரல் நுனியை மரக்கச் செய்திருந்தது. துணி எங்கே இருக்கிறது, ஊசி எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியவில்லை. தையல் பாம்பு போல வளைந்து வளைந்து போயிருந்தது. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. ஊரில் நேர்த்தையலுக்குப் பேர்போன கை இப்படி ஆயிற்றே. நீ ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நாலு நாளில் பன்னிரண்டையும் பிரித்தேன். கோணல் உள்ளே மறையும்படி கொஞ்சம் தள்ளி, நூல் பிடித்த மாதிரி தைத்து அடுக்கிவைத்தேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். நம் பழக்கம்தானே?

நீ வந்து மேலே இருந்த கட்டத்தை எடுத்தாய். விரலுக்கு உணர்ச்சி இல்லாததால் தையலைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாய். அடுத்ததையும் அப்படியே. முகம் செத்துப்போனது.

"இது என் தையல் இல்ல."

நான் மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தேன்.

"கடைத்துணியாளா இது, நீ பிரிச்சுத் தைக்க? கோணலா இருந்தா என்ன, பிள்ள ஸ்கேல் வச்சு அளக்கவா போவுது? அதுக்க மூஞ்சிய நான் பாக்கப் போறதில்ல. என் கையாவது அது மேல கெடக்கட்டும்னுதான் தச்சேன். அதையும் பிரிச்சுட்டியே."

மன்னித்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன்? "நல்லாருக்கட்டும்னுதானே செஞ்சேன்" என்று முறைப்பாகச் சொன்னேன். கிறுக்கி நான்! நீ பையை எடுத்துக்கொண்டு போனாய். அதன்பிறகு கடைக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தேன். மீன் விலை பேசினாய், மழை பேசினாய். போர்வையைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மூன்றாவது வாரம் போய்விட்டாய்.

மிச்சக் கட்டங்களை நான்தான் தைத்தேன். பிள்ளை பிறந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தேன். பச்சை உடம்போடு உட்கார்ந்திருந்தவள், "அம்மா தச்சதா சித்தி?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்ல முடியும்? ஆனால் அதற்குப் பிறகு மூன்று வருஷம் இருந்ததே. அவள் என் தையலைத் தடவித் தடவி உன்னை நினைத்து அழுதிருக்கிறாள்.

மத்தியானம் அந்தக் கிழிசலை விரித்துப் பார்த்தேன். தையல் விட்ட பட்டின் உள்ளோரத்தில், வரிசையாகப் பொட்டுப் பொட்டாகத் துளைகள். பருத்தி என்றால் ஒரு தடவை தண்ணீரில் நனைத்தால் துளை மூடிக்கொள்ளும். பட்டில் ஊசி இறங்கினால் தடம் போகாது, அது எந்தத் தையல்காரிக்கும் தெரியும். வளைந்து வளைந்து போகிறது. நான் பிரித்த உன் தையல். மடியில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது.

ரெஜினாவை வரச்சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். "மூணு வருஷமா சொல்லலியே சித்தி" என்று மட்டும் சொன்னாள். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பிறகு போர்வையை இழுத்து, அந்தத் துளைகள் மேல் நகத்தை வைத்து மெல்ல ஓட்டினாள். நகம் முனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

"இதே ஓட்டையில திரும்பத் தைக்க முடியுமா?"

"மிஷின்ல முடியாது. கையில முடியும்."

"அம்மா தச்ச எல்லாக் கட்டத்துலயும் பட்டு இருக்குல்லா? அங்கனயும் உங்க தையலப் பிரிச்சிருங்க. அம்மா போனபடியே தைங்க."

அவள் பிள்ளையைக் கூட்டிவரப் போயிருக்கிறாள். நான் கண்ணாடியைப் போட்டு, மெல்லிய ஊசியில் நூல் கோத்து, நடுநடுவே இதையும் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் கை நேராகவே இழுக்கப் பார்க்கிறது, பாழாய்ப்போன கை. நான் விடவில்லை. நீ தடுமாறிய இடத்தில் நானும் தடுமாறித்தான் போகிறேன். ஒரு கட்டத்தில் பாதி முடிந்திருக்கிறது.